டீசல் காருக்கு நாடி பார்ப்போம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலோ வேட்டவலம் சாலையிலோ உள்ள கார்ப் பட்டறை ஒன்றின் முன் அரை மணி நேரம் நின்றால், "வண்டி இழுக்கலைண்ணே, மேட்டுல மூச்சு வாங்குது, ஒரு மாதிரி சத்தம் வேற வருது" என்று யாராவது ஓர் ஓட்டுநர் முறையிடுவதைக் கேட்கலாம். நல்ல மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுப்பதில்லை. "எப்ப வருது? காலையில எடுத்ததுமா, சூடானப்புறமா? மேட்டுல மட்டுமா, சமதரையிலயுமா? புகை என்ன நிறம்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விகளுக்குப் பின்னால், நீங்கள் வகுப்பில் படிக்கும் வாயு விதிகளும் திறன் பற்றிய பாடமும் ஒலியியலும் இருக்கின்றன. அவர் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக டீசல் அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த இந்தக் கார் 1980 வாக்கில் டீசல் எஞ்சினுடன் வெளிவரத் தொடங்கியது. 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு உருளைகள். ஏறத்தாழ 37 குதிரைத் திறன். வாடகைக் கார் ஓட்டுவோர் அதை விரும்பி வாங்கினர். 2014 மே மாதத்தில் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. ஆயினும் பாடம் நடத்த அதைப் போன்ற கார் வேறில்லை என்பது என் கருத்து. மூடியைத் திறந்தால் எல்லா உறுப்புகளும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றின் ஓசையும் தனித்தனியே காதுக்குக் கேட்கும். 1998-இல் வந்த டாடா இண்டிகா முதல் இன்றைய கார்கள் வரை அடிப்படை ஒன்றே.

நோயைத் தவறாகக் கணித்தால் இழப்பு யாருக்கு? வாடகைக் காரின் உரிமையாளர் பெரும்பாலும் அதை ஓட்டுபவரே. சில நூறு ரூபாய் வடிகட்டியை மாற்ற வேண்டிய இடத்தில், பல ஆயிரம் ரூபாய் செலவில் எரிபொருள் பம்பைக் கழற்றிப் பழுது பார்க்க அனுப்பினால், கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களின் வருமானம் அப்படியே போய்விடும். மாறாக, உடனே நிறுத்த வேண்டிய ஓர் ஓசையை "சும்மா டேப்பட் சத்தம்தான்" என்று விட்டுவிட்டால் எஞ்சினே போய்விடும்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் அறிவோம். காற்றை விரைவாக அமுக்கும்போது அதில் செலவிடும் வேலை வெப்பமாகிறது. வெளியேற நேரமில்லாததால் காற்றின் வெப்பநிலை உயர்கிறது. இதைத்தான் பாடநூல் வெப்பப் பரிமாற்றமில்லா மாற்றம் என்கிறது. பாரிசில் 1858-இல் பிறந்த ருடால்ஃப் டீசல் இந்த உண்மையையே எஞ்சினாக மாற்றினார். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் சோதிக்கப்பட்ட அவரது எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அக்கால நீராவி எஞ்சின்களால் இதை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது இல்லை. உருளைக்குள் காற்று மட்டுமே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் மேலேறி அதை இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்திற்குள் அமுக்குகிறது. எவ்வளவு சூடாகும் என்று கணக்கிடுவோம். அமுக்க விகிதம் 20 என்றும் தொடக்க வெப்பநிலை 300 கெல்வின் என்றும் கொள்வோம். காற்றுக்கு காமாவின் மதிப்பு 1.4. ஆகவே 20-ஐ 0.4 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும்; விடை ஏறத்தாழ 3.3. முந்நூறை அதனால் பெருக்கினால் 990 கெல்வின், அதாவது 720 டிகிரி செல்சியஸ். உருளைச் சுவர் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் 580 டிகிரி அளவிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் தானே தீப்பற்ற 250 டிகிரிக்குச் சுற்றுவட்டாரம் போதும். எனவே அந்தச் சூடான காற்றில் எரிபொருளைத் தூவினாலே தீப்பிடிக்கிறது.

தூவும் கருவிக்குப் பட்டறை மொழியில் நாசில் என்று பெயர். அதற்கு எரிபொருளை உயர் அழுத்தத்தில் அனுப்புவது பம்ப். பெங்களூரில் 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் இவ்வகைப் பம்புகளுக்கும் நாசில்களுக்கும் இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. 2008-இல் அது பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்றும் பழைய மெக்கானிக்குகள் "மைக்கோ நாசில்" என்றே சொல்கின்றனர்.

இங்கேயே நோயறிதலின் முதல் பாடம் கிடைக்கிறது. டீசல் எஞ்சினுக்கு வேண்டியவை நான்குதான்: போதிய காற்று, போதிய அமுக்கம், போதிய எரிபொருள், அது சரியான நேரத்தில் வருதல். இழுவை குறைந்தால் இந்நான்கில் ஒன்று குறைந்திருக்கிறது. அல்லது எஞ்சின் நன்றாகவே இருக்க, திறன் வழியில் எங்கோ வீணாகிறது.

மேட்டில் மட்டும் ஏன்?

"ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடுது, போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போதுதான் திணறுது." ஓட்டுநர் இப்படிச் சொன்னால் நம்ப வேண்டும். கணக்கு அவர் பக்கம்.

காரும் ஐந்து பேரும் சேர்ந்து 1500 கிலோகிராம். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர். சமதரையில் டயர் உருள்வதற்கு ஏறத்தாழ 2200 வாட்டும், காற்றைக் கிழித்துச் செல்ல 600 வாட்டும் போதும். கூட்டினால் 2800 வாட். நான்கு குதிரைத் திறனுக்கும் குறைவு! இப்போது 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மலைச்சாலையில் அதே வேகத்தில் ஏறுவோம். விநாடிக்கு மூன்றில் இரண்டு மீட்டர் உயர வேண்டும். 1500, 9.8, 0.667 மூன்றையும் பெருக்கினால் 9800 வாட். முன்னதையும் சேர்த்தால் 12,600 வாட். ஏறத்தாழ 17 குதிரைத் திறன். சமதரையை விட நான்கரை மடங்கு.

37 குதிரைத் திறன் என்பது எஞ்சின் அதன் உச்ச வேகத்தில் சுழலும்போது கிடைப்பது. மலையில் அவ்வளவு வேகத்தில் சுழற்றுவதில்லை. கையில் இருப்பது அதில் ஒரு பகுதியே. நான்கு உருளைகளில் ஒன்று வேலை செய்யாவிட்டால் கால் பங்கு போகிறது. செத்த உருளையின் பிஸ்டனையும் மற்ற மூன்றும் சேர்ந்து இழுக்க வேண்டியிருப்பதால் இன்னும் கொஞ்சம் போகிறது. ஊருக்குள் இது தெரியாது. மலையில் தெரியும்.

மலையில் வேறொன்றும் நடக்கிறது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. எஞ்சின் ஒவ்வொரு இழுப்பிலும் வாங்கும் காற்றின் நிறையும் அந்த அளவு குறைகிறது. ஆகவே மலை மேல் சிறிது இழுவை குறைவது நோயன்று, இயற்கை. அதை நோயென்று எண்ணிப் பம்பைத் திருகி எரிபொருளைக் கூட்டுபவர்கள் உண்டு. கீழே இறங்கியதும் அந்த வண்டி கரும்புகை கக்கும்.

காற்றா, எரிபொருளா?

ஒரு கிலோகிராம் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோகிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலின் நிறை 830 கிராம்; அதற்கு 12 கிலோகிராம் காற்று. பருமனில் சொன்னால் 10,000 லிட்டர்! கணக்குப்படி இது குறைந்தபட்சம். நடைமுறையில் டீசல் எஞ்சின் இதை விட அதிகமாகவே இழுக்கிறது. கோடையில் புழுதி பறக்கும் நம் சாலைகளில் ஓடும் காரின் காற்று வடிகட்டி ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் இவ்வளவு காற்றைச் சலிக்கிறது. அது அடைத்துக்கொண்டால் எரிபொருள் அரைகுறையாக எரிந்து கரி மிஞ்சும். புகை கருக்கும், இழுவை குறையும். எனவே கரும்புகையோடு இழுவையும் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டியை. அதற்குச் செலவே இல்லை. கழற்றிப் பார்த்தால் போதும்.

புகையின் நிறம் பெரிய சாட்சி. கருப்பு என்றால் காற்றுக்குக் கூடுதலாக எரிபொருள், அல்லது நாசில் துளியாகத் தூவாமல் சொட்டாக ஒழுகுகிறது. நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வு வழிகாட்டிகளோ தேய்ந்திருக்கலாம். வெள்ளை என்றால் தீப்பற்றாத டீசல் ஆவியாக வருகிறது. மார்கழிக் காலையில் முதல் சில நிமிடங்கள் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் நின்றபாடில்லை என்றால் ஏதோ ஓர் உருளையில் அமுக்கம் போதவில்லை, அல்லது எரிபொருள் தாமதமாக வருகிறது.

இழுவை இல்லை, ஆனால் புகையும் இல்லை என்றால்? அப்போது எரிபொருளே வந்து சேரவில்லை என்று பொருள். மேற்கண்ட மலையேற்றத்தில் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கே வேலையாகிறது என்று வைத்தால், காருக்கு மணிக்கு ஏறத்தாழ 5 லிட்டர் டீசல் வேண்டும். நின்ற இடத்தில் ஓடும்போது அரை லிட்டர் அளவே வேண்டும். இரண்டுக்கும் பத்து மடங்கு வேறுபாடு. பாதி அடைத்த எரிபொருள் வடிகட்டி அரை லிட்டரை எளிதாக விடும். ஐந்து லிட்டரை விடாது. கிணற்றில் ஊற்று குறைந்தால் குடத்துக்குத் தண்ணீர் கிடைக்கும், பம்புசெட்டுக்குக் கிடைக்காது அல்லவா? அதுபோல. பட்டறையில் நின்றபடி முறுக்கிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும் சோதனை ஏன் ஏமாற்றுகிறது என்பது இப்போது விளங்கும்.

குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டாலும் இதே கதைதான். "ஏர் பிடிச்சிருக்கு" என்பார்கள். மூவாயிரம் சுற்றில் எஞ்சின் ஓடும்போது விநாடிக்கு 100 முறை எரிபொருள் தூவப்படுகிறது. மலையேற்றத்தின் அளவைப் பங்கிட்டால் ஒரு தூவலுக்கு ஏறத்தாழ 14 கன மில்லிமீட்டர். சொட்டு மருந்துக் குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டில் நான்கில் ஒரு பங்கு அளவு. பழைய வகை நாசில் திறக்க 120 வளிமண்டல அழுத்தம் போல வேண்டும். இப்போது குழாயில் அதே 14 கன மில்லிமீட்டர் அளவில் ஒரு காற்றுக் குமிழி இருப்பதாகக் கொள்ளுங்கள். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். பாயில் விதிப்படி 120 மடங்கு அழுத்தத்தில் குமிழி 0.12 கன மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பம்ப் அனுப்பிய எரிபொருள் முழுவதும் அந்தக் காலி இடத்தை நிரப்பவே செலவாகும். நாசில் திறக்கவே திறக்காது. கடுகை விடச் சற்றே பெரிய ஒரு குமிழி, ஒன்றரை டன் சுமையை நிறுத்திவிடுகிறது. கைப்பம்பை அடித்துக் குமிழியை வெளியேற்றினால் தீர்ந்தது. ஆனால் மறுநாளும் ஏர் பிடித்தால், இணைப்பு எங்கோ தளர்ந்து காற்றை உறிஞ்சுகிறது என்று தேட வேண்டும்.

அமுக்கக் குறைவுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. காலையில் வண்டி எளிதில் கிளம்பாது. கிளம்பிய பிறகு ஓரளவு ஓடும். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு 200 சுற்று போலவே சுழற்றுகிறது. பிஸ்டன் ஒருமுறை மேலேற 0.15 விநாடி ஆகிறது. தேய்ந்த வளையங்களின் வழியே காற்று கசியவும் சூடு சுவரில் இறங்கவும் அந்த நேரம் போதும். 2000 சுற்றில் அதற்கு 0.015 விநாடிதான் உண்டு. கசிவதற்கு நேரமில்லை.

தகதிமி

இனி ஓசைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நான்கு வீச்சு எஞ்சினில் வளைதண்டு இருமுறை சுற்றினால் ஓர் உருளை ஒருமுறை எரிகிறது. நான்கு உருளைகள் இருப்பதால், இரண்டு சுற்றில் நான்கு எரிதல். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 720 சுற்று என்று கொண்டால் விநாடிக்கு 12 சுற்று, 24 எரிதல், அதில் ஒவ்வோர் உருளைக்கும் 6. மிருதங்கம் கற்பவர்கள் இதை "தகதிமி தகதிமி" என்று சொல்லிப் பார்க்கலாம். நான்கு எழுத்துக்கு நான்கு உருளை. விநாடிக்கு ஆறு தகதிமி என்பது நம் நாவுக்கு முடியாத வேகம், காதுக்கு முடியும். ஓர் உருளை எரியாமல் போனால் "தகதி — தகதி —" என்று ஒரு மாத்திரை விட்டுப்போகிறது. நான்கு அடியும் சமமாக இருந்தபோது விநாடிக்கு 24 என்றிருந்த திரும்புதல், இப்போது விநாடிக்கு 6 ஆகிவிடுகிறது. அந்த மெதுவான உதறலைத்தான் மெக்கானிக் "மிஸ் அடிக்குது" என்கிறார். கைப்பேசியில் முடுக்கமானி இருக்கிறது. அதன் அளவுகளை வரைபடமாகக் காட்டும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, நின்று ஓடும் காரின் இருக்கையில் கைப்பேசியை வைத்தால் 24-இலும் 6-இலும் முகடுகள் எழுவதை நீங்களே பார்க்கலாம்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள வழி பிறக்கிறது. ஓசையின் இனிமை இனிமையின்மையை விடுங்கள். அது விநாடிக்கு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, வளைதண்டின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே வால்வு சார்ந்த ஓசையும், ஒரே ஒரு நாசில் சார்ந்த ஓசையும் சுற்று எண்ணின் பாதியில் வரும். வளைதண்டின் தாங்கிகள் சார்ந்தது பெரும்பாலும் சுற்றுக்கு ஒருமுறை வரும். சக்கரம் சார்ந்த ஓசைக்கும் எஞ்சின் வேகத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. அது காரின் வேகத்தோடு மட்டுமே கூடிக் குறையும்.

எங்கிருந்து வருகிறது என்று அறிய மெக்கானிக் ஒரு நீளமான திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக்கொள்கிறார். இரும்பில் பிறந்த அதிர்வு காற்றுக்குள் புகும் எல்லையில் பெரும்பகுதி திரும்பி எதிரொளிக்கிறது. திருப்புளியின் இரும்புக்குள் அப்படித் தடையில்லை. லென்னக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1816-இல் இதயத்துடிப்பைக் கேட்கக் காகிதக் குழலைச் சுருட்டினார் அல்லவா? அவருடைய கருவியின் பட்டறைத் தம்பி இந்தத் திருப்புளி. சுழலும் விசிறியும் பெல்ட்டும் அருகிலேயே இருப்பதால், பழக்கமில்லாதவர்கள் இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

எந்த ஓசை, எந்த உறுப்பு?

சுத்தியலால் தட்டுவது போன்ற கூர்மையான ஓசை டீசல் தட்டல். பட்டறையில் நாக்கிங் என்பர். எரிபொருள் உள்ளே வந்தவுடன் தீப்பற்றுவதில்லை. ஆவியாகிச் சூடேற ஒரு மில்லி விநாடி அளவு நேரம் எடுக்கிறது. மூவாயிரம் சுற்றில் ஒரு மில்லி விநாடிக்குள் வளைதண்டு 18 டிகிரி திரும்பிவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். தூவும் நேரம் முந்திவிட்டால், அப்போது காற்று போதிய அளவு சூடேறியிராது. தாமதம் நீளும். அதற்குள் சேர்ந்துவிட்ட எரிபொருள் முழுவதும் ஒரே நொடியில் எரிந்து அழுத்தம் திடீரென ஏறும். அந்த அதிர்ச்சியே தட்டல். நேரம் பிந்திவிட்டால் ஓசை மென்மையாகும். ஆனால் பிஸ்டன் கீழிறங்கத் தொடங்கிய பிறகு எரிவதால் அழுத்தம் வீணாகி இழுவை குறையும், புகைபோக்கி அதிகமாகச் சுடும். குளிர்ந்த எஞ்சின் சற்றுத் தட்டுவதும் சூடானதும் அடங்குவதும் டீசலின் பிறவிக்குணம்.

மெல்லிய "டிக் டிக்" வால்வு இடைவெளி கூடியதால் வருவது. காதுக்குத் தொல்லை, அவசரமில்லை.

குளிரில் "தட தட" என்று வந்து, சூடானதும் மறைவது பிஸ்டன் ஆட்டம். அம்பாசடர் டீசலின் உருளை விட்டம் 73 மில்லிமீட்டர். அலுமினியப் பிஸ்டனின் பக்கச்சுவர் 100 டிகிரியும் வார்ப்பிரும்பு உருளை 60 டிகிரியும் சூடேறினால், நீள்விரிவு எண்களை வைத்துக் கணக்கிடும்போது பிஸ்டன் 0.17 மில்லிமீட்டரும் உருளை 0.05 மில்லிமீட்டரும் விரிகின்றன. இடைவெளி 0.12 மில்லிமீட்டர் குறைகிறது, ஆட்டம் நிற்கிறது.

மூன்றையும் விட்டுத் தனியே சொல்ல வேண்டியது ஒன்று. கனமான, அடித்தொண்டையிலிருந்து வருவது போன்ற "தொம் தொம்" ஓசை. மேட்டில் ஏறும்போது வலுக்கும். சூடானால் குறைவதற்குப் பதிலாகக் கூடும். எண்ணெய் அழுத்த விளக்கு மினுக்கும். இது இணைப்புத் தண்டின் பெரிய முனைத் தாங்கி தேய்ந்ததன் அடையாளம். தாங்கிக்கும் தண்டுக்கும் இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று, தலைமுடியின் பருமனுக்கும் குறைவாக, இருந்து உலோகத்தை உலோகம் தொடாமல் காக்கிறது. இடைவெளி பெருகினால் எண்ணெய் வழிந்தோடிவிடும். சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போய் இன்னும் வேகமாக வழியும். அதனால்தான் சூட்டில் ஓசை கூடுகிறது. பிறகு உலோகம் உலோகத்தை அரைக்கும். தண்டு ஒடிந்து எஞ்சின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளிவந்த வண்டிகள் உண்டு. இந்த ஓசையைக் கேட்டால் "ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டக் கூடாது. ஓரங்கட்டி நிறுத்தி, கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். மலைச்சாலையில் ஐந்து பேருடன் எஞ்சின் இறுகி நின்றால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் டீசல் தட்டலும் தாங்கித் தட்டலும் சில வேளை ஒன்று போலவே கேட்கும். எப்படிப் பிரிப்பது? பழைய எஞ்சின்களில் மெக்கானிக் ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டையும் முறையே தளர்த்துகிறார். எரிபொருள் வெளியே கசிந்து, அந்த உருளை எரியாமல் நிற்கிறது. எஞ்சின் தடுமாறினால் அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த உருளை. தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அது முன்பே செத்த உருளை. தளர்த்தியவுடன் தட்டல் மறைந்தால், ஓசை அந்த உருளையில்தான் பிறக்கிறது. ஆயினும் நாசிலா தாங்கியா என்பது இன்னும் தெரியவில்லை. எரிதல் நின்றால் தாங்கியின் மீதுள்ள சுமையும் குறைந்துவிடுகிறதே! எனவே அடுத்த சோதனை: இரண்டாம் உருளையின் நாசிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் நாசிலை இரண்டாவதிலும் மாற்றிப் பூட்டுகிறார். ஓசை நாசிலோடு இடம் மாறினால் குற்றவாளி நாசில். ஓசை இருந்த இடத்திலேயே இருந்தால் உருளையோ தாங்கியோதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்று ஆய்வகத்தில் நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பது இதைத்தான்.

எச்சரிக்கை ஒன்று. உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் கையை இழக்க நேரலாம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. இன்றைய பொதுக்குழாய் வகை எஞ்சின்களில் அழுத்தம் 1600 முதல் 2000 வளிமண்டலம் வரை போகிறது. அவற்றில் நட்டைத் தளர்த்தும் வழக்கம் அறவே கூடாது.

எஞ்சின் குற்றமற்றதாக இருக்கலாம்

முறுக்கினால் எஞ்சின் சீறுகிறது, வண்டி மட்டும் விரையவில்லை. இது கிளட்ச் நழுவல். எஞ்சினின் திறன் சக்கரத்துக்குப் போகாமல் கிளட்ச் தகட்டில் வெப்பமாகிறது. கருகிய நாற்றமே சாட்சி.

பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருப்பது இன்னொன்று. சமதரையில் மெதுவாகச் சென்று நியூட்ரலில் விட்டால் கார் வழக்கத்தை விடச் சீக்கிரம் நின்றுவிடும். நிறுத்தியபின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுசென்றால் ஒன்று மட்டும் அனலடிக்கும். எஞ்சினை ஓடவிட்டே இதைச் செய்ய வேண்டும். ஓடும் வண்டியில் சாவியை அணைப்பது ஆபத்து. இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

புதிய கார்களில் காற்றை முன்கூட்டியே அமுக்கித் தரும் டர்போ உண்டு. அதன் சிறு விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாய் கிழிந்தால், முறுக்கும்போது "புஸ்" என்று ஓசை, கரும்புகை, இழுவைக் குறைவு மூன்றும் ஒன்றாக வரும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் நிலை 6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும் சேர்ந்துள்ளது. ஊருக்குள் மட்டுமே குறுகிய தூரம் ஓட்டினால் அது சூடேறிக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் அடைத்துக்கொள்ளும். அப்போது கணிப்பொறியே திறனைக் குறைத்து, விளக்கை எரியவிடும். விளக்கு எந்தப் பகுதியில் கோளாறு என்று சொல்லும்; ஏன் என்று சொல்லாது. குறியீட்டெண்ணைப் படித்தவுடன் அந்தக் கருவியை மாற்றிவிடுவது, காய்ச்சல் காட்டிய வெப்பமானியை மாற்றுவது போன்றது.

உங்களுக்கு இரண்டு கணக்குகள். நிமிடத்துக்கு 900 சுற்றில் நின்று ஓடும் டீசல் காரில் விநாடிக்கு ஏழெட்டு முறை மெல்லிய "டிக்" கேட்கிறது. நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியபோது நான்கு முறையும் எஞ்சின் தடுமாறியது. "டிக்" மட்டும் மாறவில்லை. அடுத்த நாள் அதே கார் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது விநாடிக்கு ஏழெட்டு முறை ஏறி இறங்கும் ஓர் உறுமல் கேட்கிறது. நியூட்ரலில் விட்டும் நிற்கவில்லை. சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர். முதல் நாள் ஓசை எந்த உறுப்பினுடையது? இரண்டாம் நாள் ஓசை எதனுடையது? இரண்டில் எதைச் சரிசெய்யாமல் ஜவ்வாது மலை ஏறக் கூடாது?